உப்புக் காற்றும் உப்பிப்போன பேட்டரியும்

எங்கள் ஊர்ப் பக்கம் செல்போன் பேட்டரிக்கு வருவது ஒரே ஒரு வியாதிதான். "உப்பிப் போச்சு." போன் ஆன் ஆகவில்லையா, உப்பிப் போச்சு. பத்து நிமிடத்தில் சார்ஜ் இறங்கிவிடுகிறதா, உப்பிப் போச்சு. பின்மூடி சரியாக உட்காரவில்லையா, அப்போது நிஜமாகவே உப்பித்தான் போயிருக்கும். உப்புத் தண்ணி ஏரிக்கரையில் பேட்டரி உப்பாமல் வேறென்ன செய்யும் என்று கிண்டல் வேறு.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்பதால் இது பற்றி என்னிடம் கேள்வி கேட்காதவர்கள் குறைவு. ஹாஸ்டலில் ஒரு கேள்வி: "ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டா பேட்டரி கெட்டுடுமா மச்சி?" ஊருக்குப் போனால் வேறொரு கேள்வி: "மாப்ளே, இந்த லைட்டு சார்ஜ் போட்டா சுடுது. தலையில கட்டிகினு போலாமா?" முதல் கேள்வி கேட்பவனுக்குப் போவது ஒரு போன். இரண்டாவது கேள்வி கேட்பவர் என் மாமா. அவருக்குப் போவது எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பதில் பேட்டரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன சர்க்யூட்டில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்கு: சுண்ணாம்புக்குளம் என்பது திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகாவில், பழவேற்காடு ஏரி ஓரத்தில் இருக்கும் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் நாங்கள் டி.வி. பார்ப்பதில்லை, வாசலுக்கு வந்து நிற்போம் :-)

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஏரியிலும் கடலிலும் பாடுபடுகிறவர்களுக்கு போன் பொழுதுபோக்கு இல்லை. காற்று எப்படி என்று கேட்பது, மீன் எடுக்க வியாபாரி வந்தாரா என்று கேட்பது, என்ஜின் நின்றுபோனால் இன்னொரு படகைக் கூப்பிடுவது எல்லாம் அதில்தான். 2003இல் நோக்கியா 1100 வந்தபோது அதன் தலையில் இருந்த டார்ச்சுக்காகவே வாங்கியவர்கள் இங்கே உண்டு. இன்று ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. அதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித்தான் எடுத்துப் போகிறார்கள். கவருக்குள் இருக்கும் பேட்டரி மட்டும் அன்றும் இன்றும் ஒரே சாதி: லித்தியம் அயன்.

சரி, முதலில் அது என்ன என்று பார்ப்போம். உள்ளே இரண்டு மின்முனைகள், நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், இவற்றை நனைத்தபடி ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன, போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அவ்வளவுதான் விஷயம். 1991இல் சோனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை நிகழ்த்தியவர் நம்ம ஊர்க்காரர். பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபுடன் வேலை செய்தவர்.

இந்தப் பேட்டரியின் நல்ல குணம், சின்ன இடத்தில் நிறைய சக்தி அடங்கும். கெட்ட குணம், அதற்கு அளவு தெரியாது. பழைய ஈய பேட்டரிக்கு கொஞ்சம் அதிகமாக சார்ஜ் கொடுத்தால் தண்ணீர் வற்றும், அவ்வளவுதான். லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அதற்கு மேலும் திணித்தால் உள்ளே வேண்டாத ரசாயன மாற்றங்கள் ஆரம்பிக்கும், வாயு உண்டாகும், பை உப்பும், சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே அடுத்த சூட்டை உண்டாக்கும், தீப்பிடிக்கும். கீழேயும் அப்படித்தான். அடியோடு வற்றவிட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் போட்டால் அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் போய்ப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு.

அதனால்தான் சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாயை நன்றாகத் திறந்து விடுவோம். கழுத்து வரை வந்ததும் வழியாமல் இருக்கக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்போம். சார்ஜரும் முதலில் ஒரே அளவு கரண்டை விடுகிறது. 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்ட்டை அங்கேயே பிடித்துவைத்துக் கரண்டைத் தானாகக் குறையவிடுகிறது. ஆரம்பத்தில் இருந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறது. கடைசிப் பத்து சதவீதம் மட்டும் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எரிச்சல்படுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். சுவரில் மாட்டுகிறோமே, அது உண்மையில் சார்ஜரே கிடையாது. வீட்டுக் கரண்டை 5 வோல்ட் மாதிரி சின்ன அளவாக மாற்றித் தரும் அடாப்டர் அது. சார்ஜ் செய்யும் சிப் போனுக்குள் இருக்கிறது. ஹாஸ்டல் கேள்விக்கு பதில் இங்கேயே வந்துவிட்டது: ஒழுங்கான போனை ராத்திரி முழுக்கப் போட்டாலும் நிறைந்ததும் அது நிறுத்திக்கொள்ளும், வெடிக்காது. ஆனால் நூறு சதவீதத்திலேயே மணிக்கணக்கில் கிடந்தால், அதுவும் தலையணைக்கடியில் சூடாகக் கிடந்தால், பேட்டரியின் ஆயுள் குறையும். இப்போது வரும் பல போன்களில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருப்பது அதற்காகத்தான்.

சார்ஜ் சிப் தவறினால்? அதற்குத்தான் காவல்காரன். எங்கள் லேபில் சார் ஒரு பழைய பிஎல்-5சி பேட்டரியின் தலைப்பகுதியைக் காட்டினார். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. அதில் ஒரு சிப், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட். விலை மலிவான பேட்டரிகளில் பரவலாக இருக்கும் டி.டபிள்யூ.01 என்ற சிப்பை எடுத்துக்கொண்டால், செல் சுமார் 4.3 வோல்ட்டுக்கு ஏறினால் சார்ஜ் பாதையை வெட்டும், 2.4 வோல்ட் வாக்கில் இறங்கினால் எடுக்கும் பாதையை வெட்டும், ஷார்ட் ஆனால் உடனே வெட்டும். இந்தச் சிப்பின் விலை சில ரூபாய்தான். இதற்குத் தெரிந்த ஒரே வார்த்தை "போதும்." முக்கியமான கால் பேசும்போது போன் அணைந்துபோனால் திட்டுகிறோம். பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். செல் சாகாமல் இருக்க வேண்டும் என்றுதான் அதை எடுக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் காவல்காரன் வாசலில் நிற்பவன். வீட்டுக்குள் நடப்பது அவனுக்குத் தெரியாது.

2007 ஆகஸ்ட் 14ஆம் தேதி நோக்கியா ஓர் எச்சரிக்கை விட்டது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் செய்துகொடுத்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளில் சில, சார்ஜ் ஆகும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடாகலாம் என்றது. உலகம் முழுக்க அப்போது தெரியவந்த சம்பவங்கள் சுமார் நூறுதான். ஆனால் நம் நாட்டில் அந்த நாட்களில் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் இருக்கும் 26 எழுத்து எண்ணைப் பார்க்காதவர்கள் குறைவு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல்தான் ஆரம்பித்திருந்தது. 2014இல் அது மூடியது. அந்த இடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் எடுத்துக்கொள்கிறது என்ற அறிவிப்பு 2019இல் வந்தது. போன் செய்த இடத்தில் சார்ஜர்!

2016இல் சாம்சங் நோட் 7 கதை எல்லோருக்கும் தெரியும். முதலில் திரும்பப் பெற்றது சுமார் 25 லட்சம் போன். வேறு கம்பெனி பேட்டரி போட்டு மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். இரண்டு கம்பெனி பேட்டரிகளிலும் வெவ்வேறு கோளாறு என்று 2017 ஜனவரியில் சொன்னார்கள். அதே 2016 செப்டம்பரில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேல் பை வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. ஒரு பழைய நோட் 2 போன். ஊழியர்கள் தீயணைப்பான் அடித்து, போனைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெரிய பெரிய கம்பெனிகள், அத்தனை சோதனை, அப்படியும் இது. இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள்.

ஒரு பேட்டரியை வடிவமைக்கிறவர் மனதில் இருக்கும் இடம் எது? காய்ந்த அறை, நிலையான கரண்ட். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரைக்குள்தான் சார்ஜ் போடலாம் என்பார்கள். எங்கள் பக்கம் மே மாதத்தில் வெயிலிலேயே 40 தொட்டுவிடும். தகரக் கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் கவரைக்கூடக் கழற்றாமல் சார்ஜ் போட்டால் போனின் சூடு வெளியே போக வழியே இல்லை.

அடுத்து உப்பு. நல்ல தண்ணீர் கரண்டை அவ்வளவாகக் கடத்தாது, உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் சார்ஜ் ஓட்டையில் இரண்டு தகடுகளுக்கு நடுவில் நின்றால் போதும், அங்கே மின்பகுப்பு ஆரம்பித்து, சில நாளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். அதே களிம்பு காவல்காரப் பலகையிலும் பிடிக்கும். அப்புறம் அவன் வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டுவான் என்று சொல்ல முடியாது. இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயல் அடித்தபோது, கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடித்தன. பல லட்சம் ரூபாய் காருக்கே அந்தக் கதி.

மூன்றாவது கரண்ட். 2016 டிசம்பர் 12இல் வர்தா அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பத்துப் பன்னிரண்டு போன் தொங்கும். எவர் போனுக்கு எவர் அடாப்டர் என்று பார்க்க நேரமிருக்காது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் "நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! நல்ல அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படிச் செய்யப்பட்டது. மலிவான அடாப்டரில் அப்படி எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது மாமாவின் கேள்வி. ராத்திரியில் ஏரியில் இறங்கி நண்டு, இறால் பார்ப்பவர்கள் தலையில் கட்டும் லைட் இல்லாமல் போவதில்லை. இரண்டு கையும் வலையில் இருக்கும். சந்தையில் கிடைக்கும் மலிவான லைட்டுகளில் இரண்டு ரகம். ஒன்று, இரண்டு பின்னை வெளியே தள்ளி நேராக பிளக் பாயிண்டில் செருகும் ரகம். இவற்றில் பலவற்றுக்குள் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, ஒரு கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட்டைக் குறைத்துச் சின்ன ஈய பேட்டரிக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக் கரண்டிலிருந்து அது பிரிக்கப்படவே இல்லை. சார்ஜில் இருக்கும்போது ஈரக்கையால் உலோகப் பாகத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். "போதும்" சொல்ல ஆளில்லை, விடிய விடியப் போட்டால் பேட்டரி வற்றிப்போகும்.

இன்னொன்று, விரல் மாதிரி நீளமான 18650 என்ற லித்தியம் செல் போட்ட ரகம். செல்லின் மேல் 9,900 மில்லிஆம்பியர்-மணி என்று பளபளவென்று எழுதியிருக்கும். நல்ல கம்பெனியின் இதே அளவு செல்லே 3,500 வாக்கில்தான் வரும். பொய் எழுதியவர் உள்ளே காவல்காரப் பலகையை மட்டும் உண்மையாக வைத்திருப்பாரா? மாமா லைட்டில் இருந்த செல்லில் பலகையே இல்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்கிறார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஏ.சி. அறையில் மேஜை மேல் கிடக்கும் போனுக்கு மூன்று நான்கு அடுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. உப்பு, வெயில், மோசமான கரண்ட் மூன்றுக்கும் நடுவில் இருப்பவன் தலையில் கட்டும் லைட்டில், சில ரூபாய் சிப்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மாமா விலை குறைவு என்றுதான் வாங்கினார். எந்த இடத்தில் குறைத்தார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் ஏரிக்கு எதிர்ப்பக்கம் பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் தெரியுமா? 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது. நிலவில் இறங்கி வேலை முடிந்ததும் செப்டம்பர் 2ஆம் தேதி பிரக்யான் ஊர்தியைத் தூங்க வைத்தார்கள். அப்போது இஸ்ரோ குறிப்பாகச் சொன்ன விஷயம், பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது என்பது. செப்டம்பர் 22இல் சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் படும்படி சோலார் தகட்டையும் திருப்பி வைத்தார்கள். நிலவு ராத்திரியின் குளிர் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே. பிறகு எவ்வளவு கூப்பிட்டும் பதில் வரவில்லை. அதில் தோல்வி ஒன்றும் இல்லை, அதற்குக் கொடுத்த வேலை ஒரு நிலவுப் பகலுக்குத்தான். எப்பேர்ப்பட்ட பேட்டரிக்கும் அது வாழும் இடம்தான் விதி என்று எனக்குப் புரிந்தது. அங்கே அதை யோசித்துத் திட்டம் போட நூறு பேர் இருக்கிறார்கள். இங்கே நாம்தான் யோசிக்க வேண்டும். காவல்காரன் இல்லாத இடத்தில் நாமே காவல்காரன்.

அதனால் ஊரில் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

1. போன் நனைந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட தகடுகளை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடவே கூடாது. அரிசிக்குள் புதைப்பதால் ஈரம் போகலாம், உப்பு போகாது. உப்புத் தண்ணீருக்குள்ளேயே ஊறிப்போன பேட்டரி என்றால் மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

2. சார்ஜ் போடும்போது பிளாஸ்டிக் கவரைக் கழற்றுங்கள். வெயிலில் இருந்து வந்த போனை ஆறவிட்டுப் போடுங்கள். பாய், துணி, வலைக் குவியல் மேல் வைக்காதீர்கள். தரையோ தகரமோ நல்லது.

3. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் லைட்டைப் பெட்டியில் போட்டு வைக்கிறவர்கள், பாதி சார்ஜில் வையுங்கள். அடியோடு வற்றிய லித்தியம் செல் இரண்டு மாதம் கிடந்தால் பெரும்பாலும் எழுந்திருக்காது. ஈய பேட்டரி என்றால் நேர்மாறு, முழு சார்ஜில் வைக்க வேண்டும்.

4. பேட்டரி வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் 'ஆர்' என்று ஆரம்பிக்கும் பதிவெண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எண் உண்மைதானா என்று பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம்.

5. உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்காதீர்கள் (எடுத்தவர்கள் உண்டு!). சார்ஜ் போடாமல், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல், மணல் போட்ட பாத்திரத்தில் தனியாக வைத்துவிட்டுச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

ஐந்தாவதில் ஒரு சிக்கல். எங்கே கொடுப்பது? 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், விற்ற கம்பெனிதான் திரும்ப எடுக்க வேண்டும் என்கின்றன. எங்கள் ஊரில் அப்படி ஒரு பெட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் செத்த பேட்டரி குப்பை மேட்டுக்குப் போகிறது, மழை வந்தால் அங்கிருந்து ஏரிக்குப் போகிறது. நாம் இறால் எடுக்கும் அதே ஏரி. ஒரு ரேஷன் கடையிலோ மீன் ஏலம் விடும் இடத்திலோ ஒரு தகரப் பெட்டி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

மாமாவுக்குப் பதிவெண் உள்ள செல் ஒன்றும், யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் லைட் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பழையதைவிட இரண்டு மடங்கு விலை. "லைட்டு ஒண்ணும் அதிகமா எரியலையே மாப்ளே, எதுக்கு இவ்ளோ காசு?" என்றார். உண்மைதான், வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான். கூடக் கொடுத்த காசு வெளிச்சத்துக்கு இல்லை, நிறுத்தத் தெரிந்ததற்கு என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டு டிராயரிலும் ஒரு பழைய போனோ உப்பிய பேட்டரியோ கிடக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்படியே, வீட்டில் யாராவது தலையில் கட்டியோ தலையணைப் பக்கத்தில் வைத்தோ உபயோகிக்கும் சார்ஜ் லைட் இருந்தால், அதையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துப் பதிவெண்ணைத் தேடுங்கள்.